டீச்சரிடம் கேளுங்கள்: பிறந்த ஊரைப் பார்க்கக் காசு கொடுத்தேன்

இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் கண்டியைப் பற்றியவை. பாடசாலை விடுமுறை நெருங்குகிறது, வெளிநாட்டுப் பிள்ளைகளும் வந்து இறங்குகிறார்கள். ஆகவே இம்முறை கண்டிக் கேள்விகளுக்கே முதலிடம். மூட்டு வலிக்குக் கைமருந்து கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த மருந்து எனக்கும் தேவைப்படுகிறது.

கேள்வி: டீச்சர், கனடாவிலிருந்து அக்காவின் குடும்பம் வருகிறது. பெறாமக்கள் இருவருக்கும் வயது 16, 13. கண்டியில் தனி வழிகாட்டி ஒருவரை அமர்த்தி, நடந்தே ஊரைப் பார்க்க வேண்டும் என்கிறான் மூத்தவன். "தலதா மாளிகையைக் காட்ட ஆள் எதற்கு? நமக்குத் தெரியாத கண்டியா?" என்கிறார் என் கணவர். யார் பக்கம் நிற்பது?
(வெள்ளவத்தை வாசகி)

பதில்: உங்கள் கணவர் சொன்னதையே நானும் ஒருகாலத்தில் சொன்னேன், அவரை விடச் சத்தமாகவே சொன்னேன். நான் கட்டுக்கலையில் பிறந்தவள். பிள்ளையார் கோவில் மணி கேட்டு எழும்பி, வாவிக்கரை வழியாகப் பள்ளிக்கூடம் போனவள். 2018இல் மெல்பேர்னிலிருந்து வந்த அண்ணன் மகன் ஒரு தனி வழிகாட்டியை ஒழுங்கு செய்தபோது, "பிறந்த ஊரைப் பார்க்கக் காசா?" என்று பஸ்ஸில் கடவத்தை தாண்டும் வரை முணுமுணுத்தேன்.

அந்த முதல் அனுபவம் என் பக்கமே நியாயம் என்று காட்டியது. வந்தவர் மனப்பாடம் செய்ததை ஒப்புவித்தார். நடுவில் ஒரு கேள்வி கேட்டால் திரும்பவும் முதல் வரிக்குப் போனார். புத்தரின் புனிதப் பல் இருக்கும் அந்த மாளிகைக்குள் இருபது நிமிடம். வெளியே வந்தால் முச்சக்கர வண்டி தயாராக நிற்கிறது. நடைப் பயணம் என்றுதானே பேச்சு? வண்டி போய் நின்ற இடம் ஒரு இரத்தினக்கல் கடை. தேநீர் இலவசம், எழுந்து வருவது மட்டும் கடினம். அங்கேயே ஒரு மணி நேரம் போனது. கடைசியில் பேசிய தொகை "ஆளுக்கு" என்றார், நாங்கள் நால்வர். மருமகன் வாய் திறக்காமல் கொடுத்தான். நான் கொடுத்திருக்க மாட்டேன்.

2023இல் அவன் திரும்பவும் வந்தான், திரும்பவும் வழிகாட்டி என்றான். இம்முறை வந்தவர் குடையும் துணிப்பையுமாக ஒரு வயதான மனிதர். முதலில் அவர்தான் எங்களைக் கேள்வி கேட்டார்: "இந்த ஊரில் உங்களுக்கு என்ன தெரியும்?" நான் இங்கே பிறந்தவள் என்றேன், கொஞ்சம் மிடுக்காகவே. "அப்படியென்றால் நீங்கள் பார்க்காததை மட்டும் பார்ப்போம்" என்று நேரே வாவிக்கரை மதிலுக்குக் கூட்டிப்போனார். அதைச் சிங்களத்தில் "வலாகுளு பெம்ம" என்பார்கள், மேக மதில் என்று பொருள். அலை அலையாக வளைந்து போகும் அந்த வெள்ளை மதிலில் முக்கோணக் குழிகள் இருக்கும். எத்தனையோ வருடம் அதன்மேல் புத்தகப் பையை வைத்துச் சப்பாத்து நாடா கட்டியிருக்கிறேன். அந்தக் குழிகள் விளக்கேற்றுவதற்கு என்று எனக்குத் தெரியாது! இரவில் அத்தனை விளக்கும் எரிந்து தண்ணீரில் தெரிவதை நினைத்துப் பாருங்கள் என்றார். நினைத்துப் பார்த்தேன். வாயடைத்து நின்றேன்.

பிறகு மாளிகை முன்றலில் இருக்கும் நாத தேவாலயம். 14ஆம் நூற்றாண்டுக் கல் கட்டடம். கண்டியில் இன்று நிற்பவற்றுள் மிகப் பழையது அதுவே. பார்த்தவுடன் தென்னிந்தியக் கோவில் விமானம் நினைவுக்கு வரும். புதிய அரசர் பட்டப்பெயர் சூட்டிக்கொண்டதும் உடைவாள் தரித்ததும் அங்கேதான். பக்கத்திலேயே பத்தினி தேவாலயம். பத்தினி வேறு யாருமல்ல, நம் கண்ணகிதான். சிங்களப் பெண்கள் பிள்ளைகளுக்கு அம்மை நோய் வராமல் காக்கும்படி அவளிடம் வேண்டுவதைக் கண்டதும் என் மருமகன் மனைவிக்கு ஏதோ விளங்கிவிட்டது. அதுவரை செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அதைப் பைக்குள் போட்டாள்.

அதற்குப் பிறகு மாளிகைக்குப் பின்னால் மேட்டிலுள்ள ஆங்கிலேயர் மயானம். உங்கள் 13 வயதுப் பிள்ளைக்கு இதைத் தவறவிடாதீர்கள். காட்டு யானை மிதித்து 1856இல் இறந்த ஒருவர் அங்கே கிடக்கிறார். காய்ச்சலில் போன இளம் தாய்மாரும் குழந்தைகளும் வரிசையாக இருக்கிறார்கள். 1824இல் இறந்த ஜோன் டொய்லியும் அங்கேதான். சிங்களம் கற்று, பிரதானிகளோடு உறவாடி, ஒற்றர்களை வைத்துக் கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயர் கைக்குக் கொண்டுவந்த மனிதர். மாளிகைக்கு இவ்வளவு அருகில் அவருடைய தூண் நிற்பதை நான் ஒருநாளும் கவனித்ததில்லை.

ஆகவே பெறாமகன் பக்கம் நில்லுங்கள், ஆனால் காசுப் பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் உரிமம் உள்ள வழிகாட்டிகளிடம் அடையாள அட்டை இருக்கும். தேசிய வழிகாட்டி, சாரதி வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, தல வழிகாட்டி என்று அதில் வகைகள் உண்டு. ஒரே ஊரை நடந்து பார்க்கப் பிரதேச வழிகாட்டி தாராளமாகப் போதும். தொலைபேசியிலேயே மூன்று விடயங்களைப் பேசி முடியுங்கள்: தொகை முழுக் குழுவுக்கா ஆளுக்கா, ரூபாயா டொலரா, கடை எதற்கும் போவதில்லை சரியா. மூன்றாவதைக் கேட்டதும் மறுமுனையில் குரல் இறங்கினால் வேறு ஆளைத் தேடுங்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், 13 வயதுக் கால்கள் அதற்குமேல் பசியைத்தான் பேசும். உங்கள் வீட்டில் வயதானவர் யாருக்காவது கண்டியில் ஒரு பழைய தெரு, பள்ளிக்கூடம், கடை நினைவிருந்தால் அதையும் வழியில் சேர்க்கச் சொல்லுங்கள். தனி வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசு அதற்குத்தான். கூட்டத்தோடு போனால் கொடியின் பின்னால் ஓடவேண்டும்.

தலதா மாளிகையின் வருடாந்த ஊர்வலமான எசல பெரஹெரா நாட்களில் மட்டும் இந்த யோசனையை விட்டுவிடுங்கள். வீதிகள் மூடியிருக்கும், வழிகாட்டியின் குரல் அவருக்கே கேட்காது.

கேள்வி: நெல் வயலை மூடி எதற்காக ஒரு ராஜா கண்டி வாவியைக் கட்டினார்? வழிகாட்டி "அழகுக்காக" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை.
(கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: வழிகாட்டி பொய் சொல்லவில்லை. நீர்ப்பாசனத்துக்காகக் கட்டிய குளம் இல்லை இது. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் தொடங்கினார், 1812 அளவில் வேலை முடிந்தது. அதற்குப் பெயர் "கிரி முஹுத", பாற்கடல். பாற்கடல் ஓரத்தில் வீற்றிருக்கும் அரசன் யாரைப்போல் தோன்றுவான் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாளிகை, எண்கோண மண்டபம், மேக மதில், பாற்கடல் எல்லாம் சேர்ந்து ஒரே காட்சி. சிற்பாசாரியின் பெயர் தேவேந்திர மூலாச்சாரி.

அழகுக்கு விலை கொடுத்தவர்கள் குடிமக்கள். இராஜகாரியம் என்ற ஊதியமில்லாக் கட்டாய உழைப்பில் மண் சுமந்தவர்கள் அவர்கள்தான். பிரதானிகளும் முகம் சுளித்தார்கள். எதிர்த்தவர்களைக் கழுவேற்றிக் குளத்தடியில் நட்டார் என்று ஒரு கதை உண்டு, சில வழிகாட்டிகள் அதைக் கண் உருட்டிச் சொல்வார்கள். ராஜாவின் கொடுமைகளைப் பக்கம் பக்கமாக எழுதிவைத்தவர்கள் அவரைப் பிடித்து நாட்டைவிட்டு அனுப்பிய ஆங்கிலேயர். அதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள். மதில் இன்றுவரை முழுமையாகவில்லை. 1815இல் இராச்சியமே போய்விட்டது, மதிலை யார் முடிப்பது?

நடுவிலுள்ள தீவு அரச மகளிர் நீராடிய இடம் என்பார்கள். பின்னால் ஆங்கிலேயர் அதில் வெடிமருந்து வைத்தார்கள்.

கேள்வி: கண்டியின் கடைசி ராஜா தமிழர் என்று ஒரு வழிகாட்டி எங்களிடம் சொன்னார். பக்கத்தில் வேறொரு குழுவுக்கு இன்னொருவர் தெலுங்கர் என்றார். மகள் என்னைப் பார்க்கிறாள். நான் என்ன சொல்ல?
(தெஹிவளை வாசகர்)

பதில்: முதலாமவர் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பார். நல்ல வியாபாரி.

நடந்தது இதுதான். கண்டி அரசர்கள் மதுரைப் பக்கத்து நாயக்கர் குடும்பங்களில் பெண் எடுத்தார்கள். 1739இல் வீர நரேந்திரசிங்கன் வாரிசில்லாமல் இறந்தபோது, பட்டத்து ராணியின் சகோதரர் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரோடு அரியணை ஏறினார். அதன்பின் கீர்த்தி ஸ்ரீ, ராஜாதி, ஸ்ரீ விக்கிரம என மூன்று ராஜசிங்கர்கள். நாயக்கர்கள் தெலுங்கு வழியினர், தமிழ்நாட்டில் தலைமுறைகளாக வாழ்ந்து தமிழும் பேசியவர்கள். கடைசி ராஜாவின் இளமைப் பெயர் கண்ணுசாமி. அரசரின் உறவினர்கள் குடியிருந்த தெருவை ஆங்கிலேயர் மலபார் வீதி என்றார்கள். உங்கள் வழிகாட்டி அந்தப் பக்கம் திரும்பாமல் போனால், திருப்பிக் கூட்டிப்போங்கள். அரண்மனை எதுவும் அங்கே காணக் கிடைக்காது, வெறும் தெருதான். ஆனாலும் அதில் நடந்தபோது என் கால் தானாக மெதுவாகியது.

இதே நாயக்கர் வழியில் வந்த கீர்த்தி ஸ்ரீதான் சீயத்திலிருந்து (இன்றைய தாய்லாந்து) உபாலி தேரரை வரவழைத்து, 1753இல் இங்கே அறுந்துபோயிருந்த உபசம்பதாவை, அதாவது பிக்குகளின் உயர் தீட்சையை, மீட்டவர். அது நடந்த மல்வத்தை விகாரை வாவியின் அக்கரையில் இருக்கிறது. அதே விகாரையோடு தொடர்புபட்ட ஒரு சதி 1760இல் அவருடைய உயிருக்கே குறி வைத்ததும் வரலாறுதான்.

மகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: கடைசி ராஜாவின் குடும்பம் தெலுங்கு வழி, பேச்சில் தமிழும் உண்டு, பட்டப்பெயர் சூடியது நாத தேவாலயத்தில், காக்கப் பொறுப்பேற்றது பௌத்தத்தை, 1832இல் கண்மூடியது வேலூரில். பாலாற்றங்கரையில் முத்து மண்டபத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. இத்தனையும் கேட்ட பிறகு "அப்படியென்றால் அவர் யார்?" என்று மகள் கேட்டால், அவளுக்கு வரலாறு படிக்கும் புத்தி இருக்கிறது. உயர்தரத்தில் அந்தப் பாடத்தையே எடுக்க விடுங்கள், கணக்கியலுக்குத் தள்ளாதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. வாவியைச் சுற்றி நடக்க முடியுமா?
(பம்பலப்பிட்டி வாசகி)

பதில்: முழுச் சுற்று மூன்று கிலோமீற்றருக்கு மேல். வேண்டாம். மாளிகைப் பக்கத்துக் கரையில் மர நிழலில் கொஞ்சத் தூரம் நடந்து, ஒரு வாங்கில் அமர்ந்து நீர்க்காகங்களைப் பார்க்கட்டும். மாளிகைக்குள் வெறுங்கால், வெயில் ஏறினால் முற்றத்துக் கல் சுடும். காலை 9.30 பூசைக்குக் கூட்டம் நெருக்கும். 5.30 பூசைக்கு எழும்பக்கூடிய அம்மா என்றால் முதல் நாளே போய்த் தங்குங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை, அதை அம்மாவுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: செல்பேசியில் எல்லாம் இருக்கிறதே, ஆள் எதற்கு?
(மட்டக்குளி வாசகர்)

பதில்: செல்பேசி உங்களிடம் "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்காது. மழைக்குக் குடையும் பிடிக்காது.

கேள்வி: கண்டி வரை போக வசதியில்லை. கொழும்பிலும் வாவி இருக்கிறதே டீச்சர்?
(கொம்பனித்தெரு மாணவர்)

பதில்: இருக்கிறது தம்பி, அதன் ஓரத்தில்தான் குடியிருக்கிறீர்கள். பேரை வாவி போர்த்துக்கேயர் காலத்தில் கோட்டைக்குக் காவலாகத் தேக்கிய நீர். ஒல்லாந்தர் தம் அடிமைகளை இரவில் அடைத்து வைத்ததால் உங்கள் பகுதிக்கு ஆங்கிலத்தில் அடிமைத் தீவு என்று பெயர் விழுந்தது, தமிழில் அது கொம்பனித்தெருதான். சிவசுப்பிரமணிய சுவாமி கோவிலில் தொடங்கி, மலாயர்களின் பள்ளிவாசலைத் தாண்டி, சீமா மாலகய வரை நடந்து போங்கள். பழைய மண்டபம் நீரில் அமிழ்ந்துபோன பிறகு 1970களில் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா வரைந்து கொடுத்த கட்டடம் அது. ஒரு பௌத்த மண்டபத்துக்குப் பணம் கொடுத்தவர்கள், மகனை இழந்த ஒரு முஸ்லிம் தம்பதியர். வழிகாட்டியே தேவையில்லை, தெருவில் தேநீர்க் கடை வைத்திருக்கும் பெரியவர்களிடம் கேட்டாலே போதும்.

திரும்பும்போது தினகரன் அச்சாகும் கட்டடம் வரை போய், அதற்கு ஏன் லேக் ஹவுஸ் என்று பெயர் வந்தது என்று தேடிப்பாருங்கள். விடையை எனக்கு எழுதுங்கள், தபாலட்டை போதும்.