மாதாமாதம் சளி: ப்ரோபயாடிக் கொடுக்கலாமா?

வணக்கம். ப்ளே ஸ்கூல் சேர்த்ததிலிருந்து நாலு வயது மகளுக்கு மாதாமாதம் சளி, மருந்துக்கடையில் சொன்ன ப்ரோபயாடிக் பொடி (உடம்புக்கு நல்லது என்று கொடுக்கும் உயிருள்ள பாக்டீரியா) அதைத் தடுக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் உதவலாம், முழுசாகத் தடுக்காது.

பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரத்தில், பகல்நேரக் குழந்தைகள் காப்பகங்களில் 1 முதல் 6 வயது வரையுள்ள 571 குழந்தைகளுக்கு 7 மாதம் பால் கொடுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறையப் பாதிப் பேரின் பாலில் லாக்டோபேசில்லஸ் ஜிஜி என்ற பாக்டீரியா இருந்தது. 2001இல் முடிவு வந்தது. உடம்பு சரியில்லாமல் விடுப்பு எடுத்த நாட்கள் பாக்டீரியா கலந்த பால் குடித்தவர்களுக்குச் சராசரியாக 4.9, மற்றவர்களுக்கு 5.8. வயது வித்தியாசத்தையும் கணக்கில் எடுத்தபோது அந்த இடைவெளி இன்னும் குறுகிவிட்டது. ஏழு மாதத்துக்கு ஒரு நாள்கூட இல்லை, பாருங்கள்.

வாங்குவதென்றால் பாக்கெட்டில் பாக்டீரியா பெயரைப் படியுங்கள். ஒரு ரகம் தந்த பலனை இன்னொன்றும் தரும் என்று நம்ப முடியாது. சூடான பாலில் கலக்காதீர்கள், பல ரகங்கள் செத்துவிடும். எதிர்ப்பு சக்தி குறைந்த குழந்தை என்றால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது.

அப்புறம், பாட்டி தயிரை நிறுத்தச் சொல்கிறார் என்றீர்களே, நிறுத்த வேண்டாம். சளி வைரஸால் வருவது, தயிரால் இல்லை. இந்த வயதில் வருஷத்துக்கு 6, 8 தடவை வருவது சகஜம்தான். கைகழுவும் பழக்கம், ஃப்ளூ தடுப்பூசி இரண்டையும் முதலில் பாருங்கள். மூச்சு வேகமாக வாங்கினாலோ விலா உள்ளிழுத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.