புளோரிடா சதுப்புக் காடுகளில் குரங்கு மனிதன் உண்மையிலேயே இருக்கிறானா?

இல்லை என்றே சொல்வேன். எலும்போ உடலோ இதுவரை கிடைத்ததில்லை. எவர்கிளேட்ஸ், பிக் சைப்ரஸ் பகுதிகளில் உலவுவதாகச் சொல்லப்படும் இதை, நாற்றக் குரங்கு என்ற பொருளில், ‘ஸ்கங்க் ஏப்’ என்கிறார்கள். ஆளை மிஞ்சிய உயரம், உடலெங்கும் ரோமம், குடலைப் புரட்டும் அழுகிய முட்டை நாற்றம்.

2000-இல் புளோரிடாவின் சரசோட்டா பகுதிக் காவல் துறையான ஷெரிப் அலுவலகத்துக்குப் பெயரிடாத கடிதம் ஒன்று படங்களுடன் வந்தது. வீட்டுக் கொல்லையில் ஆப்பிள் எடுத்துப் போனது தப்பி வந்த ஒராங்குட்டானோ என்று எழுதியவர் அஞ்சியிருந்தார். படங்களைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

மற்றபடி, பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் கருங்கரடியையே பலர் கண்டிருக்க வேண்டும். அது அந்தக் காடுகளில் நிஜமாகவே வாழ்கிறது. ஆனாலும் இந்தக் கதையின் செல்வாக்கு வியப்பூட்டுகிறது: 1977-இல் இத்தகைய உயிரினத்தைத் துன்புறுத்துவதைத் தடைசெய்ய மாநிலச் சட்டமன்றத்தில் மசோதாவே கொண்டுவந்தார்கள். அது நிறைவேறவில்லை.