நூலகர் பதில்கள்: தளபதியிடம் ஆரம்பிக்க வேண்டாம்

கேள்வி: இலங்கைப் போர் முடிந்தபோது எனக்கு எட்டு வயது. இப்போது அதைப் பற்றிப் படிக்க நினைக்கிறேன். புத்தகக் காட்சியில் தளபதிகள், போராளிகள், பத்திரிகையாளர்கள் எழுதியவை எல்லாம் ஒரே மேஜையில் குவிந்து கிடக்கின்றன. எங்கே ஆரம்பிப்பது? (திண்டுக்கல் வாசகர்)

தளபதியிடம் மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அவர் புத்தகத்தில் வரைபடம் இருக்கும், அம்புக்குறி இருக்கும். அதைப் பார்த்துப் பழகிவிட்டால், அம்புக்குறிக்கு அடியில் யாருடைய வீடு இருந்தது என்று கேட்கத் தோன்றாது.

முதலில் ஆண்டு வரிசை மனதில் பதிய வேண்டும். எம்.ஆர். நாராயண் சுவாமியின் 'டைகர்ஸ் ஆஃப் லங்கா' (1994) அதற்குப் போதும். இயக்கங்கள் எப்படி உருவாயின, இந்தியா எப்படிப் பயிற்சி கொடுத்தது என்பதைப் பத்திரிகையாளருக்கே உரிய நடையில் சொல்லும். அடுத்து 'முறிந்த பனை'. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நான்கு பேர் சேர்ந்து எழுதியது. அரசு, 1987-இல் அமைதிப்படை என்ற பெயரில் போன இந்தியப் படை, புலிகள், மற்ற இயக்கங்கள், யாரையும் விட்டுவைக்காத புத்தகம். எழுதியவர்களில் ஒருவரான ராஜினி திராணகம உடற்கூற்றியல் துறைத் தலைவர். 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். புத்தகம் 1990-இல் வந்தது. இதை நான் மூன்று முறை படித்திருக்கிறேன். மூன்றாவது முறைதான் அடிக்குறிப்புகளையும் படித்தேன். நீங்கள் முதல் தடவையே படித்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு பயிற்சி சொல்கிறேன். இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்ட 1987 அக்டோபரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 11ஆம் தேதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட சீக்கியப் படைப்பிரிவு வீரர்கள் 30 பேரில் 29 பேர் மடிந்தார்கள். ஒருவர் பிடிபட்டார். பத்து நாள் கழித்து, தீபாவளியன்று, யாழ்ப்பாணப் பொது மருத்துவமனைக்குள் இந்தியப் படை புகுந்தது. டாக்டர்கள், நர்ஸ்கள், நோயாளிகள் என அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கையில் எடுக்கும் எந்தப் புத்தகத்திலும் முதலில் இந்த இரண்டையும் தேடுங்கள். எதற்கு எத்தனை பக்கம், எதற்கு எத்தனை வரி? எழுதியவர் எங்கே நின்று பார்த்தார் என்பது பாதி தெரிந்துவிடும்.

கேள்வி: அமைதிப்படையை நடத்திய ஜெனரல் ஹர்கிரத் சிங் ஒன்று சொல்கிறார், கொழும்பில் இந்தியத் தூதராக இருந்த தீட்சித்தின் புத்தகம் வேறு மாதிரி இருக்கிறது. யாரை நம்புவது? (வேலூர் வாசகி)

1987 செப்டம்பரில் பிரபாகரன் பேச்சுவார்த்தைக்கு வரும்போது சுட்டுவிடும்படி தீட்சித் சொன்னதாகவும், மேலதிகாரி தெபிந்தர் சிங்கிடம் பேசிவிட்டுத் தான் மறுத்ததாகவும் ஹர்கிரத் எழுதுகிறார். இதைத்தானே கேட்கிறீர்கள்? தீட்சித்தின் 'அசைன்மென்ட் கொழும்பு' 1998-இல் வந்தது. அவர் 2005 ஜனவரியில் காலமானார். ஜெனரலின் புத்தகம் வந்தது அதற்குப் பிறகு. அந்தப் புத்தகத்துக்குப் பதில் எழுத அவர் இல்லை. அதனால் ஜெனரல் சொல்வது பொய்யாகிவிடாது, நிரூபணமும் ஆகிவிடாது. தெபிந்தர் சிங்கும் தனியாக ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். மூன்றையும் ஒன்றாக வைத்துப் படியுங்கள். தன்னையோ தன் படையையோ குறைத்துக் காட்டும் இடத்தில் ஒருவர் சொல்வதை நான் கொஞ்சம் கூடுதலாக நம்புவேன். தன்னை உயர்த்தும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைப்பேன் (நூலகப் புத்தகத்தில் இல்லை!).

உங்கள் ஊர்ப் பக்கம் பட்டாளத்துக்குப் போனவர்கள் நிறைய, அதனால் இதையும் சொல்கிறேன். என் பெரியப்பா மகன் அமைதிப்படையில் லாரி ஓட்டியவர். இந்த ஜெனரல்களில் ஒருவருடைய புத்தகத்தை அவரிடம் படிக்கக் கொடுத்தேன். அதில் பாதியில் பஸ் டிக்கெட்டைச் செருகித் திருப்பிக் கொடுத்தார். "எல்லாம் சரிதான்டா தம்பி. குடிக்கத் தண்ணிக்கு எங்க போனோம்னு ஒரு வரி இல்லையே" என்றார். அங்கே வீட்டுக்கு வீடு கிணறு. கிணற்றடிக்குப் போகத்தான் பயம். கண்ணிவெடி இருக்குமோ, தோட்டத்துக்குள் யாராவது இருக்கிறார்களோ என்று. வாளி இறங்கும் சத்தம் அவருக்கு இன்றும் ஆகாது. அவரைப் போன்றவர்கள் எழுதவில்லை. எழுதச் சொன்னேன், சிரித்தார்.

கேள்வி: தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' நூலை முழுக்க அவரே எழுதவில்லை என்கிறார்களே? (மதுரை வாசகர்)

புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுக்குத் தலைவியாக இருந்த அவர் 2015 அக்டோபரில் புற்றுநோயால் இறந்தார். புத்தகம் 2016-இல் வந்தது. ஆசிரியர் இல்லாத நேரத்தில் வரும் எந்தப் புத்தகத்துக்கும் இந்தச் சந்தேகம் வரும். தான் பார்த்ததை, தான் செய்ததை அவர் சொல்லும் பக்கங்களையும், இயக்கத்தின் தவறுகளைப் பற்றிய தீர்ப்புகளையும் பிரித்துப் படியுங்கள். சந்தேகப்படுவதென்றால் இரண்டாவது வகையில் படலாம். கூடவே, புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்டன் பாலசிங்கத்தின் மனைவி அடேல் பாலசிங்கத்தின் 'சுதந்திர வேட்கை'யையும் வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஆங்கில மூலம் 2001-இல், இயக்கம் உச்சத்தில் இருந்தபோது வந்தது. தமிழினியோ தோல்வியையும் சிறையையும் புனர்வாழ்வு முகாமையும் பார்த்துவிட்டு எழுதினார். இருவரும் எழுதியது ஒரே இயக்கத்துப் பெண்களைப் பற்றித்தான். புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் வெளியீட்டு ஆண்டைப் பார்க்காமல் நான் எதையும் படிப்பதில்லை.

கேள்வி: இலங்கை ராணுவத்தினர் எழுதியதைப் படிக்கலாமா? (சென்னை வாசகர்)

கட்டாயம் படியுங்கள். 53ஆவது படைப்பிரிவை நடத்திய கமல் குணரத்ன, போர் முடிந்த இடமான முல்லைத்தீவு நந்திக்கடல் வரையிலான போரை எழுதியிருக்கிறார் (2016). பின்னர் பாதுகாப்புச் செயலாளரானவர் என்பதை மறக்காமல் படியுங்கள். பக்கத்தில் ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை இருக்கட்டும். கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்கிறது அது. மருத்துவமனைகள் மீது குண்டு விழுந்ததையும், புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்ததையும் இரண்டையுமே சொல்கிறது.

கேள்வி: இத்தனையும் வாங்க எனக்குக் கட்டுப்படியாகாது ஐயா. (கல்லூரி மாணவி, தேனி)

வாங்க வேண்டாம் அம்மா. 'நூலகம்' என்ற பெயரிலேயே ஓர் இணையதளம் இருக்கிறது. ஈழத்து நூல்கள், பழைய பத்திரிகைகள், சின்னச் சின்னத் துண்டறிக்கைகள் வரை ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். ஆங்கிலப் புத்தகங்களுக்கு, சென்னை வரும்போது கன்னிமாராவிலோ அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ கேட்டுப் பாருங்கள். மதிய சாப்பாட்டைக் கையோடு கொண்டு போங்கள். ஒரு நாளில் முடியாது.