நுகர்வோர் கேள்வி-பதில்: ரீஃபண்டைத் தடுக்கும் இனிஷியல்

கேள்வி: 2024-25 நிதியாண்டுக்கான வருமான வரிக் கணக்கை ஆகஸ்ட் மாதமே ஆன்லைனில் தாக்கல் செய்துவிட்டேன். வங்கி எஃப்டி வட்டியில் முன்கூட்டியே பிடித்த வரி (டிடிஎஸ்) எனக்குத் திரும்ப வரவேண்டும். ஆனால் வருமான வரித் துறையின் போர்ட்டலில் 'ரீஃபண்ட் ஃபெயில்டு' என்று வருகிறது. வங்கிக் கணக்கை மறுபடி சேர்க்கப் போனால் பெயர் பொருந்தவில்லை என்கிறது. பான் அட்டை, பாஸ்புக் இரண்டிலும் இருப்பது என் பெயர்தானே?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: உங்கள் பெயர்தான். ஆனால் கம்ப்யூட்டருக்கு அது இரண்டு பேராகத் தெரிகிறது. நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. பான் விண்ணப்பத்திலோ 'லாஸ்ட் நேம்' கட்டாயம், அதில் இனிஷியல் போடவும் கூடாது. அதனால் சு. முருகன் என்பவர் அப்பா பெயரை விரித்து எழுதியிருப்பார். அதை முன்னால் போட்டாரா பின்னால் போட்டாரா என்பது அன்றைக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தவரின் கையில் இருந்தது. வங்கியில் வெறும் 'எஸ் முருகன்', ஆதாரில் 'முருகன் எஸ்', பான் பதிவில் 'சுப்பிரமணியன் முருகன்'. வங்கியிலிருந்து வரும் மின்னஞ்சல் அப்பா பெயரைச் சொல்லி 'டியர்' போடுவதும் இதே குளறுபடியால்தான்.

பான் அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அட்டையில் சுருக்கி அச்சிட்டிருக்கலாம், உள்ளே பதிவில் முழுப் பெயர் இருக்கும். போர்ட்டலில் 'மை ப்ரொஃபைல்' பகுதியில் தெரியும் பெயர்தான் கணக்கு. அதை ஒரு தாளில் எழுத்துக்கு எழுத்து குறித்துக்கொள்ளுங்கள்.

எதைத் திருத்துவது? பானும் ஆதாரும் ஏற்கெனவே இணைந்திருந்தால் அவை இரண்டையும் தொடவேண்டாம். ஒன்றைத் திருத்தப் போய் இணைப்பில் புதுச் சிக்கல் வந்து சேரும். வங்கிக் கிளைக்குப் போய், பான் நகலைக் கொடுத்து, கேஒய்சி (வாடிக்கையாளர் விவரப்) படிவத்தில் பெயரை பான் பதிவில் உள்ளபடி மாற்றச் சொல்லுங்கள். கவுண்டரில் "ஆதார்ல இப்படி இல்லையே சார்" என்பார்கள். வருமான வரி ரீஃபண்டுக்குத் தேவை என்று கடிதம் எழுதிக் கொடுத்து, முத்திரையோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றம் பதிவானதும் போர்ட்டலில் அந்தக் கணக்கை 'ரீவேலிடேட்' (மறுபடி சரிபார்ப்பு) செய்து, பிறகு 'சர்வீசஸ்' மெனுவில் 'ரீஃபண்ட் ரீஇஷ்யூ', அதாவது பணத்தை மறுபடி அனுப்பக் கேளுங்கள். ரீவேலிடேட் செய்வதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். கோரிக்கை வைக்காமல் பணம் வராது.

பெயர் சரியாக இருந்தும் தோல்வி என்றால் வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி எண்ணைப் பாருங்கள். லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கி இந்தியாவோடு இணைந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் சிண்டிகேட் வங்கி கனராவோடும், ஆந்திரா வங்கி யூனியன் வங்கியோடும் சேர்ந்தன. பழைய பாஸ்புக்கில் உள்ள எண் இன்றைக்குச் செல்லாது.

ரீஃபண்ட் தாமதமானால் மாதத்துக்கு அரை சதவீதம் வட்டி உண்டு. ஆனால் தாமதத்துக்கு நாம் காரணம் என்றால் அந்தக் காலத்துக்குக் கிடையாது. இனிஷியல் விஷயத்தில் யார் காரணம் என்று கேட்டால் நான் உங்கள் பக்கம்தான் பேசுவேன், துறை அப்படிப் பார்க்காது. ஆகவே கிளைக்கு இந்த வாரமே போய்விடுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒருவர் 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு கணக்குத் தாக்கல் செய்தார். எதிர்பார்த்ததைவிட ரீஃபண்ட் அதிகமாக வந்தது, அதில் பத்து சதவீதம் கமிஷன் கேட்டார், கொடுத்தேன். இப்போது பாஸ்வேர்டைக் கேட்டால் தரமாட்டேன் என்கிறார். ஓடிபி எல்லாம் அவர் போனுக்கே போகிறது.
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: பாஸ்வேர்டுக்காக அவரிடம் கெஞ்சவேண்டியதில்லை. 'ஃபர்கெட் பாஸ்வேர்ட்' போய் ஆதார் ஓடிபி வழியாக மாற்றுங்கள். அந்த ஓடிபி ஆதாரோடு இணைந்த எண்ணுக்குத்தான் வரும், அவர் எண்ணுக்கு அல்ல. வங்கியின் நெட்பேங்கிங் வழியாகவும் போர்ட்டலுக்குள் நுழையலாம். நுழைந்ததும் முதல் வேலை, ப்ரொஃபைலில் உள்ள அவருடைய போன் எண்ணையும் மின்னஞ்சலையும் எடுத்துவிட்டு உங்களுடையதைப் போடுவது.

இரண்டாவது வேலைதான் பெரியது. தாக்கல் செய்த ரிட்டர்னைப் பதிவிறக்கி, வரியைக் குறைக்கக் காட்டும் கழிவுகள் பகுதியைப் படியுங்கள். கட்டாத வீட்டு வாடகை, கொடுக்காத கட்சி நன்கொடை, இல்லாத மருத்துவக் காப்பீடு ஏதாவது இருக்கிறதா? ரீஃபண்டில் சதவீதம் கேட்பவர்கள் அந்த ரீஃபண்டைப் பெருக்கத்தான் பார்ப்பார்கள். இப்படிப் போலிக் கழிவு காட்டிய விவகாரத்தில் 2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை நாடு முழுக்க சுமார் 150 இடங்களில் சோதனை நடத்தியது. தமிழ்நாடும் அதில் உண்டு.

நோட்டீஸ் வந்தால் உங்கள் பெயருக்குத்தான் வரும். தவறான தகவல் என்று முடிவானால் அபராதம் ஏய்த்த வரியைப் போல் இரண்டு மடங்கு வரை போகும். திருத்திய கணக்குக்கான கெடு முடிவதற்குள் அதைத் தாக்கல் செய்து, அதிகமாக வந்ததை வட்டியோடு திருப்பிக் கட்டிவிடுங்கள். அதற்குப் பிறகும் 'அப்டேட்டட் ரிட்டர்ன்' வழி இருக்கிறது. ஆனால் தாமதத்தைப் பொறுத்து 25 முதல் 70 சதவீதம் வரை கூடுதல் வரி சேரும்.

அவர் மீது நடவடிக்கை வேண்டுமா? கட்டணம் வாங்கிச் செய்த சேவை என்பதால் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் தரலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. ஜிபே ரசீதையும் வாட்ஸாப் உரையாடலையும் பத்திரப்படுத்துங்கள். கமிஷனைத் தெரிந்தே கொடுத்தீர்கள் என்பது உங்கள் வழக்கைக் கொஞ்சம் பலவீனமாக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாளில் வருமான வரித் தளம் என்னை வெளியே தள்ளிக்கொண்டே இருந்தது. இதற்கு நஷ்டஈடு கேட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: முடியாது. வரி என்பது சேவைக்குக் கொடுக்கும் கட்டணம் அல்ல, அதனால் வரித் துறையிடம் நீங்கள் நுகர்வோர் ஆகமாட்டீர்கள். போர்ட்டலிலேயே 'க்ரீவன்சஸ்' பகுதியில், பிழைச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டோடு புகார் பதியுங்கள்.

உங்கள் கோபம் நியாயமானதுதான். இந்தப் போர்ட்டல் 2021 ஜூன் 7 அன்று தொடங்கியது, அந்த ஆண்டே கெடுவை டிசம்பர் 31 வரை தள்ளவேண்டி வந்தது. 2025-இலும் செப்டம்பர் 15 என்று இருந்த கெடுவுக்குக் கடைசி நேரத்தில் ஒரு நாள் நீட்டிப்பு தந்தார்கள். அடுத்த முறை ஆஃப்லைன் யுடிலிட்டியை (இணையம் இல்லாமல் நிரப்பும் மென்பொருள்) பதிவிறக்கி, வீட்டில் நிதானமாக நிரப்பிவிட்டு, கோப்பை மட்டும் ஏற்றுங்கள். இரண்டு டேப் திறந்தால் 'டூயல் லாகின்' என்று வெளியேற்றும். அப்புறம், தாக்கல் செய்த 30 நாளுக்குள் இ-வெரிஃபை (ஆன்லைனில் உறுதிப்படுத்துவது) செய்தீர்களா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் அத்தனை பாடும் வீண்.

கேள்வி: அம்மாவுக்கு 77 வயது. அவர் வேலை பார்த்து வாங்கும் பென்ஷனும் எஃப்டி வட்டியும்தான் வருமானம். அவரும் இந்த அவஸ்தையைப் படவேண்டுமா?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: பென்ஷன் வரும் அதே வங்கியில்தான் எஃப்டியும் இருக்கிறது என்றால் வேண்டாம். 75 வயது நிறைந்தவர்கள் வங்கியில் இதற்கான உறுதிமொழிப் படிவம் கொடுத்தால் வங்கியே வரியைக் கணக்கிட்டுப் பிடித்துக்கொள்ளும், ரிட்டர்ன் தேவையில்லை. அஞ்சலகத்தில் மாத வருமானத் திட்டம் போட்டிருந்தாலோ, வேறு வங்கியில் சின்ன எஃப்டி ஒன்று இருந்தாலோ இந்தச் சலுகை கிடைக்காது. பென்ஷன் கிளையில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.