அரிசி இறங்காத ஹாப்பரை மாற்றத்தான் வேண்டுமா?

கொழிஞ்சாம்பாறையில் மாவு மில் நடத்தும் நீங்கள், ஹாப்பரில் (அரைக்க அரிசி கொட்டும் புனல் வடிவத் தொட்டி) அரிசி இறங்காமல் நிற்கிறது, மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். புட்டு மாவுக்கு ஊறவைத்த ஈர அரிசி, ஹாப்பரின் கழுத்தருகே வளைவாகக் கட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். தயவுசெய்து சுத்தியலால் தட்டாதீர்கள்! தகடு நெளிந்தால் அந்த நெளிவிலேயே மறுபடியும் அரிசி தங்கும்.

மெயின் சுவிட்சை அணைத்து, ஹாப்பரைக் காலி செய்து, உள்ளே டார்ச் விளக்கை வைத்து வெளியிலிருந்து பாருங்கள். வெல்டிங் ஓரத்தில் ஊசிமுனை அளவு வெளிச்சம் கசிந்தாலும் தகடு அரித்துவிட்டது என்று பொருள். ஒட்டுப்போட வேண்டாம், மாற்றிவிடுங்கள்; சாப்பிடுகிற மாவில் துரு கலக்கக் கூடாது. புதியது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், சரிவு கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரிக்குக் குறையாமல் இருக்கட்டும். பழைய வாயளவையும் போல்ட் துளைகளையும் அட்டையில் வரைந்து பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள்.