வாசகர் கேட்டவை: மாலைதீவின் தண்ணீரும் மாசியும்

மாலைதீவில் ஆறு கிடையாது, சுற்றிவரக் கடல். ஆனாலும் கிணறு வெட்டினால் நல்ல தண்ணீர் வருமாமே, எப்படி ஐயா? எங்கள் வளவுக் கிணறு மோட்டர் பூட்டிய பிறகு உவர்ந்துபோனதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
(நெடுந்தீவு வாசகர்)

நிறையவே உண்டு. மாலைதீவின் ஏறத்தாழ 1,190 தீவுகளும் பவளப் பாறையும் பவள மணலும்தான். மிக உயர்ந்த இயற்கை நிலமே கடல் மட்டத்துக்கு மேல் 2.4 மீற்றர். மணலுக்குள் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் லீற்றருக்கு 1,000 கிராம், கடல்நீர் ஏறக்குறைய 1,025 கிராம். இந்த வித்தியாசத்தால், கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால் கீழே 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. பவள மணலில் கடலின் வற்றும் பெருக்கும் உள்ளே புகுந்து கலக்குவதால், சிறு தீவுகளில் அந்த 40 கிடைப்பதில்லை. நம் யாழ்ப்பாணச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளும் இதே வேலையைச் செய்கின்றன.

இப்போது கணக்கைத் திருப்புங்கள். மோட்டர் நீர்மட்டத்தை 1 அடி இறக்கி அப்படியே வைத்திருந்தால், அடியில் உவர்நீர் அதைப்போல் பல மடங்கு மேலேறப் பார்க்கும். துலாவில் இறைத்த காலத்தில் ஊற்று ஈடுகொடுத்தது.

கிணற்றை இன்னும் ஆழமாக்காதீர்கள். பலர் முதலில் செய்வது அதைத்தான், அது உவரைத் தேடிப் போவது. உறிஞ்சு குழாயின் வாயை அடியிலிருந்து உயர்த்தி, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வையுங்கள். மட்டம் இறங்கினால் மோட்டர் காற்றை இழுக்கும். எரிந்துபோகாமல் மிதவை சுவிட்ச் பூட்டுங்கள். சிறிய மோட்டரால் காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக இறைத்துத் தொட்டியில் நிரப்புவது நல்லது. உவர்ந்த கிணற்றை ஒட்ட இறைத்தால் சுத்தமாகும் என்பதும் தவறு; மாரி மழைதான் கழுவ வேண்டும்.

குடிநீருக்குக் கூரை போதும். 50 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 5,000 லீற்றர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 4,000 மிஞ்சும். முதல் மழையைத் தொட்டிக்குள் விடாதீர்கள், அதில் பறவை எச்சமும் தூசியும்தான் வரும்.

தலைநகர் மாலே அளவுக்கு மீறி இறைத்துக் கிணறுகளைக் கெடுத்தது. இன்று கடல்நீரைச் சுத்திகரித்தே குடிக்கிறது. 2014 டிசம்பரில் அந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் தீப்பிடித்தபோது, இந்தியாவிலிருந்து விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் வர வேண்டியிருந்தது.

வீட்டில் சூரை மீனில் மாசிக் கருவாடு போட்டால் பூஞ்சணம் பிடிக்கிறது. ஏன்?
(சாவகச்சேரி வாசகி)

வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நின்றிருக்கும். மாலைதீவில் தலை, செவிள், குடல் நீக்கி, நெடுக்காக நாலு துண்டாக்கி, உப்புநீரில் அவித்து, ஆறியதும் முள்ளெடுத்து, புகையில் வாட்டிப் பல நாள் வெயிலில் காயவைக்கிறார்கள். நீங்கள் பொச்சுமட்டைப் புகையே போடலாம். எரியும் வெயிலில் ஒரேயடியாக விட்டால் மேற்புறம் இறுகி உள்ளீரத்தை அடைத்துவிடும். மாலையில் எடுத்து இரவு ஒன்றாக அடுக்கி மூடிவையுங்கள். உள்ளீரம் வெளியே வரும், மறுநாள் மீண்டும் வெயில். தட்டினால் விறகுபோல் சத்தம் வரவேண்டும். கொழுப்பு மீன் சரிவராது, எண்ணெய் காறும்.

பூஞ்சணத்தைவிடப் பெரிய ஆபத்து வேறு. பிடித்த சூரையை ஐஸ் இல்லாமல் வைத்திருந்தால் ஹிஸ்டமின் உண்டாகும், அவித்தாலும் போகாது. சூரை சாப்பிட்டு முகம் சிவந்து உடம்பு கடித்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். பழுதான மீனை மாசியாக்கிக் காப்பாற்ற முடியாது.

மாலைதீவுக்கும் யாழ்ப்பாண அரசுக்கும் தொடர்பு இருந்ததா?
(நல்லூர் வாசகர்)

நேரடி ஆட்சித் தொடர்பு இல்லை. ஆனால் மாலைதீவில் காதியாக (இஸ்லாமிய நீதிபதியாக) இருந்த மொரோக்கோப் பயணி இபின் பதூதா, 1344இல் அங்கிருந்து கப்பலேறி இலங்கையின் மேற்குக் கரைக்கு வந்து சந்தித்தது யாழ்ப்பாண மன்னர் ஆரியச் சக்கரவர்த்தியைத்தான். மன்னர் பாரசீக மொழி அறிந்தவர், முத்துகளைக் காட்டினார், சிவனொளிபாத மலைக்குப் போகப் பல்லக்கும் துணையும் தந்தார் என்று எழுதியிருக்கிறார். மாலைதீவில் அப்போது சோழியே காசு. ஒரு பொன் தினாருக்கு 4 இலட்சம் சோழி, சில வேளை 12 இலட்சம் வரை போனதாம். வங்காளத்துக்குச் சோழி போக, அங்கிருந்து அரிசி வந்தது.