டிஷ்வாஷரில் குயிக் போடலாமா, எக்கோ போடலாமா?

தம்பி, வாடகைக்கு எடுத்த வீட்டில் டிஷ்வாஷர் இருக்கிறது, அதில் எக்கோ மூன்றரை மணி நேரமும் குயிக் அரை மணி நேரமும் காட்டுகின்றன, கூடத் தங்கியிருக்கும் நண்பர்கள் "எதுக்குக் கரண்டை வீணாக்கணும், எப்பவும் குயிக்கிலேயே போடு" என்கிறார்கள், எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். புதிதாக வருகிறவர்களில் பலர் கேட்கிற கேள்விதான் இது. நம்மில் நிறையப் பேருக்குப் புலம்பெயர்ந்து வந்த வீட்டில்தான் இந்த மெஷின் முதல்முறையாகக் கைக்கு வருகிறது. வீட்டுக்காரர் சாவியைத் தருவார், மெஷினோடு வந்த புத்தகத்தைத் தர மாட்டார். சொல்லித்தரவும் பக்கத்தில் ஆள் இருக்காது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தினசரி சாப்பிட்ட பாத்திரங்களுக்கு எக்கோவைப் போடுங்கள். அவசரத்துக்கும், அதிகம் அழுக்கில்லாத பாத்திரங்களுக்கும் மட்டும் குயிக். நீண்ட நேரம் ஓடுவதால் கரண்ட் அதிகம் போகும் என்று உங்கள் நண்பர்கள் நினைப்பது இயல்புதான். ஆனால் இந்த மெஷினின் கணக்கு வேறு.

டிஷ்வாஷரில் கரண்டைச் சாப்பிடுவது தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர். அது சுமார் 2000 வாட் இழுக்கும். தண்ணீரைச் சுற்றி அடிக்கும் பம்புக்கு அதில் சின்னப் பங்குதான், சில பத்து வாட் போதும். ஹீட்டர் பத்து நிமிடம் எரிந்தால் ஆகிற கரண்டில், 50 வாட் பம்ப் ஒன்றை ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓட்டலாம். அதனால் எவ்வளவு நேரம் ஓடியது என்பதைவிட, எத்தனை தடவை, எவ்வளவு சூடாக்கியது என்பதுதான் பில்லில் தெரியும். எக்கோ 50 டிகிரி செல்சியஸை ஒட்டி நின்றுகொண்டு நிதானமாகக் கழுவும். சூட்டில் குறைத்ததை நேரத்தில் ஈடுகட்டுகிறது, அவ்வளவுதான். தண்ணீரும் அப்படியே. மூன்று மணி நேரமும் குழாயிலிருந்து புதுத் தண்ணீர் வந்துகொண்டிருப்பதில்லை. அடியில் பிடித்து வைத்த சில லிட்டரையே வடிகட்டித் திரும்பத் திரும்ப அடிக்கிறது. பெரிய மெஷின்கள்கூட எக்கோவில் பத்து லிட்டரை ஒட்டிய தண்ணீரில் மொத்த வேலையையும் முடித்துவிடும்.

இன்னொன்று, எக்கோ ஓடும்போது நடுவில் சத்தமே இல்லாமல் சிறிது நேரம் நிற்கும். பழுதாகிவிட்டதோ என்று பயந்து கதவைத் திறந்து பார்க்கிறவர்கள் உண்டு. பாத்திரம் ஊறட்டும் என்று விடுகிற இடைவெளி அது. சில மெஷின்கள் மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் மாறி மாறித் தண்ணீரை அனுப்பும், அப்போதும் சத்தம் மாறும். திறக்காமல் விட்டுவிடுங்கள், உள்ளே பிடித்து வைத்திருக்கும் சூடு வெளியே போய்விடும்.

இனி குயிக். அந்தப் பெயரில் இரண்டு வெவ்வேறு புரோகிராம்கள் இருக்கின்றன, நிறையப் பேர் குழம்புவது இங்கேதான். அரை மணி நேரத்தில் முடிவது ஒன்று. அது பெரும்பாலும் 45 டிகிரி பக்கத்தில் நின்றுவிடும், முன்கழுவல் இருக்காது, உலர்த்துவதும் பேருக்குத்தான். இதற்குக் கரண்ட் எக்கோவை ஒட்டியோ அதைவிடக் கொஞ்சம் குறைவாகவோ ஆகும், ஆனால் அதற்கேற்ற வேலையைத்தான் செய்யும். தண்ணீர் குடித்த கிளாஸ், சற்று முன் சாப்பிட்டு எழுந்த தட்டு, இவை சுத்தமாகிவிடும். காய்ந்து ஒட்டியது போகாது. மற்றது ஒரு மணி நேரத்தை ஒட்டி ஓடுவது. வழக்கமான அழுக்கைக் குறைந்த நேரத்தில் எடுத்தாக வேண்டும் என்பதால் 60, 65 டிகிரிக்குப் போகும், பம்பும் வேகமாக அடிக்கும். இது நன்றாகவே கழுவும், ஆனால் கரண்டைக் கூடுதலாக இழுக்கும். எக்கோ ஒரு யூனிட்டுக்குள் முடிக்கும் இடத்தில் இது ஒரு யூனிட்டைத் தாண்டுவது பல மெஷின்களில் உண்டு. நண்பர்கள் குயிக் போடச் சொன்னால், இதில் எது என்று முதலில் பாருங்கள்.

அவசரமாகக் கழுவினால் ஏன் சரியாக வருவதில்லை என்பதற்கு ஹெர்பெர்ட் சின்னர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் வகுத்த ஒரு எளிய கணக்கு இருக்கிறது. கழுவும் வேலையில் நான்கு பங்கு: சூடு, நேரம், தண்ணீர் அடிக்கும் விசை, சோப்பின் வேதியியல். ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றில் எதையாவது கூட்டியே ஆக வேண்டும். குயிக்கில் நேரத்தை வெட்டிவிட்டு சூட்டையும் கூட்டாவிட்டால் அழுக்குத் தங்கத்தான் செய்யும்.

அதிலும் இன்றைய டிஷ்வாஷர் சோப்புக்கு நேரம் மிகவும் முக்கியம். முன்பு இந்தச் சோப்புகளில் பாஸ்பேட் நிறைய இருந்தது. ஆறு, ஏரிகளில் கலந்து பாசியைப் பெருக்குகிறது என்பதால் 2010-ல் அமெரிக்காவின் பல மாநிலங்களும், 2017-ல் ஐரோப்பிய ஒன்றியமும் அதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தின. இப்போது சுமையில் பெரும்பகுதியை நொதிகள் தாங்குகின்றன. புரோட்டியேஸ் முட்டை, பால் போன்ற புரதக் கறையை உடைக்கும், அமைலேஸ் மாவுச்சத்தை உடைக்கும். இவை மிதமான சூட்டில் நன்றாக வேலை செய்யும், சூடு மிஞ்சினால் செயலிழந்துவிடும். தண்ணீரின் வேகம் இவற்றுக்கு உதவாது, நேரம்தான் வேண்டும். எக்கோவின் 50 டிகிரியும் நீண்ட ஓட்டமும் இவற்றுக்குப் பொருத்தமாக அமைந்திருக்கின்றன. தட்டில் காய்ந்து படலமாகப் பிடித்த மாவுச்சத்து குயிக்கில் போகாமல் எக்கோவில் போவதற்கு இதுவே காரணம். டீ, காபிக் கறையை எடுக்கும் வெளுப்பான் வேறு. அதற்கும் சூடும் நேரமும் சேர்ந்து தேவை.

குயிக் போடும்போது டேப்லெட் விஷயத்தில் கவனம். அழுத்திக் கட்டியாக்கிய டேப்லெட் கரையவே பல நிமிடம் ஆகும். மொத்தக் கழுவலே பத்துப் பதினைந்து நிமிடம் என்றால் பாதி கரையாமல் பெட்டியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் கடைசி அலசலில் கரைந்து பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். குயிக் அடிக்கடி தேவைப்படுகிற வீடென்றால் பவுடரோ ஜெல்லோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எக்கோவுக்கு எதுவும் சரி. டேப்லெட்டை மூடியுள்ள பெட்டியில் போட்டு மூடுங்கள், அடியில் வீசாதீர்கள். முன்கழுவல் உள்ள புரோகிராமில் அந்தத் தண்ணீரோடு சோப்பும் வெளியே போய்விடும்.

கையால் தேய்த்தால்தான் திருப்தி என்று எல்லாவற்றையும் குழாயடியில் அலசிவிட்டு மெஷினில் வைக்கிற பழக்கம் நம்மவர்களிடம் அதிகம். தயவுசெய்து அதை விடுங்கள். குழாயில் ஓடவிடும் தண்ணீர் மெஷின் மொத்தமாக எடுப்பதைவிடச் சுலபமாகத் தாண்டிவிடும். மீதியை வழித்துக் குப்பையில் போட்டால் போதும். ஆட்டோ புரோகிராம் உள்ள மெஷின்கள் பலவற்றில், தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று ஒளி பாய்ச்சிப் பார்க்கும் சென்சார் இருக்கும். அலசி வைத்தால் தண்ணீர் தெளிவாகத் தெரியும், மெஷினும் அழுக்கே இல்லை என்று எண்ணிக் கழுவலைச் சுருக்கிக்கொள்ளும்.

குழாய் இணைப்பையும் ஒருமுறை பாருங்கள். வட அமெரிக்காவில் பெரும்பாலும் வெந்நீர்க் குழாயோடு இணைத்திருப்பார்கள். அப்படியென்றால் ஆரம்பிக்கும் முன் சிங்க் குழாயைத் திறந்து வெந்நீர் வரும்வரை விடுங்கள், வருவதை வேறு வேலைக்குப் பிடித்துக்கொள்ளலாம். குழாயில் தேங்கிய பச்சைத் தண்ணீர் உள்ளே போனால் குயிக் அதிலேயே பாதியை ஓட்டிவிடும். ஐரோப்பாவில் பெரும்பாலும் பச்சைத் தண்ணீர் இணைப்புதான். மெஷினே சூடாக்கிக்கொள்ளும், இது தேவையில்லை.

குயிக்கில் போட்டால் பாத்திரம் ஈரமாகவே இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். மெஷினின் குறை இல்லை அது. பல மெஷின்கள் கடைசி அலசலைச் சூடான தண்ணீரில் செய்து, அந்தச் சூட்டிலேயே பாத்திரத்தை உலரவிடுகின்றன. ஆவி குளிர்ந்த உட்சுவரில் பட்டு நீராகி வடிந்துவிடும். இதற்கு நேரம் வேண்டும், அந்த நேரம் குயிக்கில் கிடையாது. முடிந்ததும் கதவைத் திறந்து தட்டைக் கொஞ்சம் வெளியே இழுத்து வையுங்கள், கண்ணாடியும் பீங்கானும் தாமாகவே காய்ந்துவிடும். பிளாஸ்டிக் டப்பா எந்தப் புரோகிராமிலும் சரியாகக் காயாது, சூட்டைத் தேக்கி வைக்க அதற்குத் தெரியாது. துடைத்துவிடுவது உத்தமம். ரின்ஸ் எய்ட் (கடைசி அலசலில் தண்ணீர் துளியாகத் தங்காமல் வழிந்துபோக உதவும் திரவம்) ஊற்றும் இடம் காலியாக இருந்தால் நிரப்புங்கள், பெரிய வித்தியாசம் தெரியும்.

பகிர்ந்து வாழும் வீடு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். எல்லோரும் எப்போதும் குறைந்த சூட்டு குயிக்கிலேயே ஓட்டினால், எண்ணெய் முழுதாகக் கரைந்து வெளியேறாது. ஃபில்டரிலும் குழாயிலும் மெல்லப் படிந்து, சில மாதங்களில் கதவைத் திறந்தாலே வாடை அடிக்கும். மாதம் ஒருமுறையாவது 65, 70 டிகிரிக்குப் போகிற இன்டென்சிவ் புரோகிராமைப் போடுங்கள், எண்ணெய்ப் பிசுக்குள்ள பாத்திரங்களை அன்றைக்குச் சேர்த்து வைத்தால் தனியாக ஒரு தடவை செலவழித்ததாகாது. எக்கோவையே போடுகிற வீட்டுக்கும் இது நல்லது. அடியில் உள்ள ஃபில்டரைத் திருகி எடுத்து வாரம் ஒரு தடவை குழாயில் காட்டிக் கழுவ ஆளுக்கொரு முறை வைத்துக்கொள்ளுங்கள். யாரோ செய்வார்கள் என்று விட்டால் யாரும் செய்யமாட்டார்கள். அந்த வாடைக்கு மெஷினைக் குற்றம் சொல்லி, முன்பணத்தில் பிடித்துக்கொள்கிற வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள்.

அலுமினியப் பாத்திரம், மரக்கரண்டி, நல்ல கத்தி, இவற்றை எந்தப் புரோகிராமிலும் வைக்காதீர்கள். அலுமினியம் கறுத்துவிடும், மரம் வெடிக்கும், கத்தி மழுங்கும். மெல்லிய கண்ணாடிக்கு மட்டும் குறைந்த சூட்டில் சீக்கிரம் முடிவதே நல்லது, இங்கே குயிக் ஜெயிக்கிறது.

மூன்றரை மணி நேரத்தை எங்கே வைப்பது என்று யோசிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இரவு தூங்கப் போகும்போது போட்டுவிட்டுப் போகிறவர்கள் அதிகம். ஆனால் ஹீட்டர் உள்ள மெஷினை ஆள் தூங்கும்போதும் வீட்டில் இல்லாதபோதும் ஓட விடாமலிருப்பதே பாதுகாப்பு, தண்ணீர் கசிந்தாலும் விழித்திருந்தால்தான் நிறுத்த முடியும். சாயந்திரமே சாப்பாடு முடிகிறதென்றால் அப்போதே போடுங்கள், படுக்கும் முன் முடிந்துவிடும். வேலை நேரம் அப்படி அமையாதவர்கள் விடுமுறை நாளில் காலையில் போடலாம். பாதி மெஷினுக்கு ஓட்டாமல் நிறையும்வரை காத்திருப்பதும் மிச்சம்தான். அதுவரை பாத்திரம் காயுமே என்று தோன்றினால், அலச மட்டும் செய்கிற சின்ன ரின்ஸ் புரோகிராம் பல மெஷின்களில் உண்டு, சோப்பில்லாமல் சில நிமிடத்தில் முடியும்.

கடைசியாக, உங்கள் மெஷினின் மாடல் எண் கதவின் உள்விளிம்பில் ஒட்டியிருக்கும். அதைத் தேடினால் தயாரிப்பாளரின் பக்கத்தில் புத்தகம் கிடைக்கும். ஒவ்வொரு புரோகிராமுக்கும் எவ்வளவு நேரம், எத்தனை டிகிரி, எவ்வளவு யூனிட், எத்தனை லிட்டர் என்று பல புத்தகங்களில் ஒரு அட்டவணை இருக்கும். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து நண்பர்களுக்குக் காட்டுங்கள். எண்களைப் படித்துச் சொல்வதில் சிக்கல் இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து பார்த்துவிடலாம்.